கைகளை மடியில் வைக்கக் கற்ற ஊர்

மைசூருக்குப் போகிறேன் என்று சொன்னதும் தூத்துக்குடியில் எல்லோரும் மைசூர்பாக்குதான் கேட்டார்கள். எதற்குப் போகிறாய் என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டவர்களுக்கு விளக்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. விமானம் ஓட்டப் படிக்கவா? இல்லை, அதைப் படித்தாயிற்று, லைசென்ஸ் இருக்கிறது. அப்படியானால்? விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று படிக்க. அண்ணன் மனைவி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப டீச்சர் டிரெயினிங்குன்னு சொல்லு" என்றாள். அதைவிடச் சரியாக இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

லைசென்ஸ் வாங்கிய பிறகு எந்த விமானக் கம்பெனியும் என்னைக் கூப்பிடவில்லை. முதல் வருடம் எல்லோரும் விசாரித்தார்கள், பிறகு விசாரிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அண்ணனுடைய ஐஸ் ஆலையில், மீன்பிடிப் படகுகளுக்குப் போகும் ஐஸ் பாளங்களுக்கு ரசீது போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லைசென்ஸ் காலாவதியாகாமல் இருக்க அவ்வப்போது எங்காவது போய்க் கொஞ்சம் பறந்துவிட்டு வருவேன். முப்பத்தைந்து வயதில் எனக்குத் திறந்திருந்த கதவு இது ஒன்றுதான். பயிற்சியாளர் ஆகிவிட்டால் தினமும் பறக்கலாம். இல்லையென்றால் ஐஸ் ஆலை நாற்காலி. "இதுதான் கடேசி, சரியா?" என்று அண்ணன் பேருந்து நிலையத்தில் கேட்டான். அவன் கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் எனக்கு உறைத்தது.

மைசூரில் இறங்கியதும் ஆட்டோக்காரரிடம் ஏர்போர்ட் என்றேன். அவர் என் பெட்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கன்னடத்தில் நீளமாக ஏதோ சொன்னார். எனக்குத் தெரிந்த ஒரே பதிலாகத் தலையை ஆட்டி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஆட்டோ ரயில் நிலையத்தில் நின்றது. அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் ஆங்கிலத்தில் விளக்கினார். இந்த நேரத்தில் இங்கே விமானமே கிடையாது, பாவம் வெளியூர்ப் பெண்மணி, அங்கே போய்த் தனியாக உட்கார்ந்திருப்பதற்கு ரயிலில் போகட்டும் என்று டிரைவர் முடிவு செய்திருக்கிறார். எங்கள் ஊர் ஆட்டோக்காரர் என்றால் கேட்ட இடத்தில் இறக்கிவிட்டு, விமானம் இல்லையென்றால் அது என் பாடு என்று போயிருப்பார். எது நல்லது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மண்டகள்ளி விமான நிலையத்துக்கு வரும் பெரிய விமானங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற நேரமெல்லாம் ஓடுபாதை பயிற்சிக்காரர்களுக்கும் மயில்களுக்கும்தான். மயில்கள் எங்களைவிட மூத்தவை என்ற நினைப்பில் நடந்துகொள்ளும்.

அறை அக்ரஹாரத்தில் கிடைத்தது. வீட்டுக்காரர் அலமேலு மாமி, இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, ஓய்வு பெறும் வயது. மேல்கோட்டைப் பக்கத்திலிருந்து எப்போதோ வந்த குடும்பம். கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மகன் புனேயில். வீட்டில் வெங்காயம்கூட நுழையாது. நானோ மீன் வாசனையில் வளர்ந்தவள். மாடி அறையைத் திறந்துவிட்டு மாமி சொன்னாள்: "ஃபேன் சொல்ப சத்தம் போடும், பயந்துக்காதேங்கோ. சாத்தமுது மிச்சம் இருந்தா கூப்பிடறேன், வாங்கோ." சாத்தமுது என்பது ரசம் என்று அது என் தட்டில் விழுந்த பிறகு தெரிந்தது. எங்கள் ஊர் ரசத்தில் இருக்கும் கோபம் அதில் இல்லை. லேசாக வெல்லம் தெரிந்தது. இந்த ஊரில் சாம்பார், ரசம், மனிதர்கள் எல்லாவற்றிலும் கொஞ்சம் வெல்லம் உண்டு. ஆனால் எல்லாம் அளவோடு. மாமி சாதம் போட்டாள், வயிறு நிறைந்ததா என்று கேட்டாள், பிறகு டிவியில் கன்னட சீரியல் பார்க்கப் போய்விட்டாள். நான் மாடிக்கு ஏறினேன்.

வாசலில் தார்பாய் போர்த்திய கார் ஒன்று நின்றது. நான் வந்த முதல் வாரத்தில் யாரும் அதை எடுக்கவில்லை.

பயிற்சிப் பள்ளியில் எனக்குக் கற்றுக்கொடுக்க வந்தவர் சுமந்த். ஹாசன்காரர், என்னைவிட ஐந்து வயது இளையவர். அவர் என்னை மேடம் என்பார், நான் அவரை சார் என்பேன். பேசுவது ஆங்கிலத்தில். இங்கே அவர் பேச்சை என் தமிழில் தருகிறேன்.

விமானத்தில் ஓட்டுபவர் இடது சீட்டில் உட்காருவார். சொல்லிக்கொடுப்பவர் வலது சீட்டில். இதுவரை நான் பறந்ததெல்லாம் இடது சீட்டில்தான். வலது சீட்டில் உட்கார்ந்ததும் என் கைகள் இரண்டும் வேலை மாறிப்போயின. வலது கை செய்ததை இடது கை செய்ய வேண்டும், இடது கை செய்ததை வலது கை. இடது கையால் கோலம் போடச் சொன்ன மாதிரி இருந்தது. ஓடுபாதையின் நடுக்கோடு எனக்கு எங்கேயோ தெரிந்தது. முதல் நாள் நான் இறக்கியபோது சக்கரங்கள் கோட்டை விட்டு நன்றாகத் தள்ளித் தரையைத் தொட்டன. ஓரத்தில் நின்ற மயில் விலகிப் போனது.

கை பழகிவிட்டது. அது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் பேட்டர். பயிற்சியாளர் விமானத்தை ஓட்டிக் காட்டும்போதே, கை செய்வதை வாய் சொல்லிக்கொண்டு வர வேண்டும். கையும் வாயும் ஒன்றாகப் போக வேண்டும், ஒன்று முந்தக் கூடாது. "இப்போது தூரத்தில் பாருங்கள். மூக்கை மெல்ல உயர்த்துகிறேன். அழுத்திப் பிடிக்கவில்லை, விரல்களால்தான். வேகம் குறைகிறது, பயப்பட வேண்டாம், நான் இருக்கிறேன்." இதற்குப் பெயர்தான் பேட்டர். பிறகு விமானத்தை மாணவனிடம் கொடுத்து, அவன் செய்வதைப் பார்த்துத் திருத்த வேண்டும். மாணவனாக நடித்தவர் சுமந்த். வேண்டுமென்றே எல்லாத் தப்பையும் செய்வார். அவர் நடிப்பில் குறை சொல்ல முடியாது. ஒருமுறை வாந்தி வருவதாகக்கூட நடித்தார்.

பேட்டர் எனக்கு உடனே வந்துவிட்டது. சுமந்த்துக்கே ஆச்சரியம். "எங்கே பழகினீர்கள் மேடம்? மற்றவர்களுக்கு வாயைத் திறக்கவே ஒரு வாரம் ஆகும்" என்றார். எனக்குக் காரணம் தெரியும். அந்த ஊரில் நாள் முழுவதும் நான் மனம்விட்டுப் பேசியது விமானத்துக்குள் மட்டும்தான்.

வெளியே என்னோடு பேசியவர்கள் எல்லோரும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "ஊட்டா ஆய்த்தா?" சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். வாசல் காவலர் கேட்பார், கேன்டீன்காரர் கேட்பார், எண்ணெய் வண்டி ஓட்டுபவர் கேட்பார். முதல் நாள் நான் நின்று விலாவாரியாகப் பதில் சொன்னேன். சித்ரான்னம் சாப்பிட்டேன், எங்கள் ஊரில் இதை எலுமிச்சை சாதம் என்போம், இதில் தேங்காய் போடமாட்டோம் என்று. காவலர் பாதியிலேயே அடுத்தவரைக் கேட்கத் திரும்பிவிட்டார். அது கேள்வி இல்லை, வணக்கம். அதன்பிறகு நானும் "ஆய்த்து" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டேன்.

கேன்டீனில் இருபது வயதுப் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு போனால் எழுந்து இடம் கொடுப்பார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிடும். மரியாதை என்பது சில நேரம் ஆளைத் தள்ளி உட்கார வைக்கிற வேலைதான். நான் சுவரோரம் உட்காரப் பழகினேன்.

காலையில் பனிமூட்டம் விலகுவதற்காகக் காத்திருந்த ஒரு நாளில் சுமந்த்திடம் கேட்டேன், இந்த வேலையில் கஷ்டமான நேரம் எது என்று. மோசமான மாணவன், மோசமான காற்று என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "மாணவன் முதல் தடவை தனியாகப் பறக்கும் நாள்" என்றார். "நாம் இறங்கிவிட வேண்டும். பக்கத்து சீட் காலி. வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம். செய்வதற்கு ஒன்றுமில்லை. அப்போது என்னிடம் யாராவது வந்து பேசினால் எனக்குக் கோபம் வரும்." சொல்லிவிட்டு டீ டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அரண்மனைக்கு விளக்குப் போடுவார்கள் என்று போனேன். ஒரே நொடியில் அரண்மனை முழுக்கப் பொன்னாக எரிந்தது. கூட்டம் முழுவதும் ஒன்றாக "ஹா" என்றது. நானும் ஹா என்றுவிட்டுப் பக்கத்தில் திரும்பினேன், யாரும் இல்லை. தனியாக நிற்பவள் என்று கண்டுகொண்டு ஒரு குடும்பம் போன் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னது. எடுத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்து இன்னொரு குடும்பம் வந்தது. பிறகு வரிசையே வந்துவிட்டது. அன்று மைசூருக்கு வந்த பாதிப் பேரின் வீட்டுப் படங்களை நான்தான் எடுத்திருப்பேன். கடைசியாக ஒரு பெரியம்மா, உன்னை எடுக்கட்டுமா என்று சைகையில் கேட்டார். வேண்டாம் என்று சிரித்துவிட்டு வந்தேன். பேருந்தில் வரும்போது, எடுக்கச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. அதை யாருக்கு அனுப்புவது என்றும் தோன்றியது. அண்ணனுக்கு அனுப்பினால் 'சூப்பர்' என்று ஒரு கட்டை விரல் வரும்.

மாலைகளில் அறையில் பேட்டர் பழகினேன். ஒரு நாற்காலியில் நான். பக்கத்தில் இன்னொரு நாற்காலி, அதில் மாணவன் இருப்பதாக நினைப்பு. கையில் பிடிப்பதற்கு மாமியிடம் கேட்டு வாங்கிய மரக்கரண்டி. ஒருநாள் மாமி, சாதம் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"மாடியில தெனம் யாரோட பேசறேள்? ரொம்பப் பொறுமையா பேசறேள். கேக்கவே நன்னா இருக்கு."

"யாரோடயும் இல்ல மாமி."

மாமி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இன்னொரு கரண்டி சாத்தமுது ஊற்றினாள்.

சோதனைக்கு வெளியூரிலிருந்து பரிசோதகர் வரும் நாள் நெருங்கியது. அதற்கு முன் சுமந்த் ஒரு முன்னோட்டம் வைத்தார். கபினி ஆறும் நஞ்சன்கூடு கோபுரமும் கீழே தெளிவாகத் தெரிந்த நல்ல காலை. என் வாய் அன்று தேனாக ஓடியது. தரையிறங்கும் பாடம். சுமந்த் மாணவர், விமானம் அவர் கையில். இரண்டு சீட்டுக்கும் ஒரே மாதிரிப் பிடி உண்டு, என் கை என் பக்கப் பிடியில் சும்மா பட்டும் படாமலும். "நன்றாகச் செய்கிறீர்கள். அப்படியே. இன்னும் கொஞ்சம் பிடியுங்கள். அருமை, அருமை." சக்கரங்கள் பூப்போல் தரையைத் தொட்டன. மாணவருக்கு இவ்வளவு நல்ல இறக்கமா என்று எனக்கே பெருமையாக இருந்தது.

"யார் இறக்கியது மேடம்?"

"நீங்கள்தான் சார்."

"என் கைகளைப் பாருங்கள்."

பார்த்தேன். இரண்டும் அவர் மடியில் இருந்தன. ஓடுபாதை தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிட்டதாகச் சொன்னார். மடியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆளை நான் அருமை அருமை என்று பாராட்டிக்கொண்டே விமானத்தை இறக்கியிருக்கிறேன்.

"இது இன்று மட்டும் இல்லை" என்றார். "ஒவ்வொரு நாளும் கடைசி நேரத்தில் என் கையிலிருந்து வாங்கிவிடுகிறீர்கள். உங்களுக்கே தெரியாமல். உங்கள் மாணவன் பத்து முறை நன்றாக இறக்கிவிட்டதாக நினைத்துக்கொள்வான். தனியாக விட்ட அன்று செத்துப்போவான்." குரலை உயர்த்தவே இல்லை. "இப்படி இருந்தால் சோதனைக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. ஒரு வாரம் இருக்கிறது, பாருங்கள்."

எனக்கு அவர் கைகள் கண்ணை விட்டுப் போகவில்லை. பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் பேசியிருக்கிறேன். யாராவது கேட்டால் போதும் என்று இருந்திருக்கிறது எனக்கு. அறைக்கு வந்து மரக்கரண்டியைத் தொடவில்லை. ஐஸ் ஆலையின் அம்மோனியா வாசனை மூக்கில் அடித்தது. அழவில்லை. அழுதால் கீழே கேட்கும்.

அன்று மாலை கதவு தட்டப்பட்டது. மாமி மாடிக்கு வருவது அதுதான் முதல் தடவை.

"என்ன, இன்னிக்கி சத்தமே காணோம்? ஒடம்பு சரியில்லையா?"

சொல்லிவிட்டேன். பேட்டர், சுமந்த், மடியில் கை, ஐஸ் ஆலை எல்லாவற்றையும். மாமி காலி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். மடியில் இருந்த கை என்ற இடம் வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம்.

"கோச்சுக்காதேங்கோ. எங்க டிரைவிங் ஸ்கூல்காரன் ஞாபகம் வந்துடுத்து. அவன் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளச் இருக்கும், இல்லையா? ஸ்டீரிங்கையும் விடமாட்டான். அவன்தான் ஓட்டிண்டிருந்தான், நான் தொட்டுண்டிருந்தேன். டெஸ்ட் அன்னிக்கும் அவனே பக்கத்துல. லைசென்ஸ் வந்துடுத்து. வாசல்ல கார் நிக்கறது. எனக்கு ஓட்டத்தான் வராது."

"மாமா ஓட்டினதா அந்தக் கார்?"

"ஆமா. மாசத்துக்கு ஒரு தரம் மெக்கானிக் வந்து உறும விட்டுட்டுப் போறான். விக்கச் சொல்றான் பையன்." மரக்கரண்டியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். "விக்க மனசு வரல. ஓட்டவும் தைரியம் வரல."

மறுநாள் விடிந்ததும் தார்பாயை விலக்கினோம். பழைய சிவப்பு மாருதி. மாமி ஓட்டும் சீட்டில், நான் இடது சீட்டில். இத்தனை வாரம் வலது சீட்டுக்குப் பழகிவிட்டு மறுபடியும் இடது பக்கம். சிரிப்புத்தான் வந்தது.

தெரு முனை வருவதற்குள் வண்டி பலமுறை நின்று போனது. பால்காரர் ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு, "என்ன அலமேலம்மா, ஐயாவோட வண்டியா?" என்று கன்னடத்தில் கேட்டார். மாமி மறுபடி சாவியைத் திருகினாள். ரிங் ரோட்டுக்கு வந்ததும் வண்டி கொஞ்சம் நேராக ஓடியது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். தூரத்தில் பாருங்க மாமி, இறுக்கிப் பிடிக்காதீங்க, நான் இருக்கேன். எதிரே ஒரு ஸ்கூட்டர் தெரிந்தது. என் கை தானாகப் போய் ஸ்டீரிங்கைப் பிடித்து ஒடித்தது.

மாமி பிரேக் போட்டு வண்டியை ஓரமாக நிறுத்தினாள். கைகள் இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ நீங்களே ஓட்டுங்கோ" என்றாள்.

அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது. அந்த ஸ்கூட்டர் சாலையின் அந்தப் பக்கம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. என் கண்ணில் பட்டது மாமியின் கைகள். முந்தின நாள் சுமந்த்தின் கைகள் இருந்த அதே மாதிரி, உள்ளங்கை மேலே பார்த்தபடி.

"தப்பு என் மேலதான் மாமி. இனிமே தொடமாட்டேன்" என்றேன். சொன்னால் போதுமா? கைகள் கேட்க வேண்டுமே. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். வாயையும் மூடிக்கொண்டேன். அதுதான் அதிகக் கஷ்டம்.

அந்த வாரம் முழுவதும், விமானத்துக்குப் போவதற்கு முன் தினமும் காலையில் காரில் போனோம். ஒருமுறை மாமி சாலை நடுவிலிருந்த தடுப்பின் பக்கமே போய்க்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் போனால் உரசிவிடும். என் கால் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் கிடையாது. சொல்லலாமா, இழுக்கலாமா, இன்னும் ஒரு நொடி பார்க்கலாமா? மாமி "அய்யோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியைத் திருப்பினாள். அவளாகவே பார்த்தாள், அவளாகவே திருப்பினாள். நான் ஒன்றும் செய்யவில்லை. அதைவிட நல்ல வேலையை நான் மைசூரில் அதுவரை செய்திருக்கவில்லை.

அந்த வாரம் பேச நேரம் குறைவு, ஆனால் பேச ஆள் இருந்தது. சாத்தமுது சாப்பிட்டதும் மாடிக்கு ஏறாமல் கீழேயே உட்கார்ந்திருந்தேன். மீன் குழம்பு எப்படிக் கொதிக்கும் என்று சொல்லச் சொல்லி மாமி காதை மட்டும் கொடுத்துக் கேட்டாள். "போறும், போறும்" என்று நடுவில் கையெடுத்துக் கும்பிட்டாள், ஆனால் எழுந்து போகவில்லை. சுமந்த்தும் மறுபடி முன்னோட்டம் வைத்தார். இறங்கும்போது என் கைகள் என் தொடையின்மேல் இருந்தன, எட்டும் தூரத்தில். அவர் தன் கையைப் பிடியிலிருந்து எடுக்கப் பார்த்தார். விமானம் உடனே சரிந்தது. "ஐயோ, உண்மையாகவே நான்தான் ஓட்டுகிறேன்" என்று அவசரமாகப் பிடித்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டார்.

சோதனை நாளன்று வந்த பரிசோதகர் விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். மீசைக்குக் கீழே வாய் இருப்பதே தெரியாத மனிதர். இடது சீட்டில் உட்கார்ந்ததும் ஒரு மக்கு மாணவனாக மாறிவிட்டார். முதல் இறக்கத்தில் பிடியை அதிகமாக இழுத்தார். விமானம் தரையைத் தொடாமல் மறுபடி மேலே எழும்பியது. "கொஞ்சம் தளர்த்துங்கள். காத்திருங்கள். இப்போது" என்றேன். மூன்றே வாக்கியம். என் கைகள் தொடையில் அரித்தன. அவர் சமாளித்து, தடதடவென்று இறக்கினார். அசிங்கமான இறக்கம்தான். ஆனால் அவருடையது.

இரண்டாவது சுற்றில் வேகத்தைக் குறைய விட்டுக்கொண்டே வந்தார். சொன்னேன். கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். கேட்கவில்லை. இதற்குமேல் காத்திருந்தால் அது பொறுமை இல்லை. "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று வாங்கி, எஞ்சினை முழுதாக முறுக்கி மேலே ஏற்றிவிட்டேன்.

அடுத்த சுற்றில் இறங்கி நிறுத்தியபின் கேட்டார்: "முதல் தடவை யார் இறக்கியது?"

"நீங்கள்தான் சார்."

"இரண்டாம் தடவை?"

"யாரும் இறக்கவில்லை சார்."

மீசை அசைந்தது. உள்ளே சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சுமந்த் கை குலுக்கினார், சந்தோஷமாகத்தான். ஆனால் அடுத்த மாணவன் காத்திருந்தான், போய்விட்டார். அண்ணனைக் கூப்பிட்டேன். பின்னால் ஐஸ் உடைக்கும் எந்திரத்தின் இரைச்சல். "ஏட்டி, ஒண்ணும் கேக்கல. லோடு ஏறிட்டிருக்கு. பொறவு கூப்புடுதேன்" என்று வைத்துவிட்டான். வாசல் காவலர் "ஊட்டா ஆய்த்தா?" என்றார். இல்லை என்று முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன். அவர் அதற்குள் அடுத்த வண்டியைப் பார்த்துக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். நஞ்சன்கூடு சாலையில் பேருந்துக்கு நின்றேன். இத்தனை வருடம் காத்திருந்த ஒன்று கைக்கு வந்த நாள். சொல்ல ஆளில்லை. மாமி ஆபீசிலிருந்து வர மாலையாகும். தேவராஜா மார்க்கெட்டில் இறங்கி, ஒரு முழம் மல்லிகையும் கொஞ்சம் மைசூர்பாக்கும் வாங்கிக்கொண்டு நடந்தேன்.

வீடு பூட்டியிருந்தது. எதிர்பார்த்ததுதான். வாசலில் தார்பாய் மடித்து, மேலே ஒரு கல் வைக்கப்பட்டிருந்தது.

கார் இல்லை.

மெக்கானிக் எடுத்துப் போயிருப்பாரா? அவர் தார்பாயை மடிக்கிற ஆள் இல்லை. மாமியை போனில் கூப்பிடப் போனேன், உடனே நிறுத்திக்கொண்டேன். ஓட்டும்போது போன் அடித்தால் எடுக்கப் பார்ப்பாள். அதனால் ஒன்றும் செய்யாமல் கேட்டருகே நின்றேன். எதிர்வீட்டுப் பெண் பூ வாங்கும் பையோடு வந்து ஏதோ கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. பேசாமல் தெரு முனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஹார்ன் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தேன். சுமந்த் சொன்னது சரிதான். செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

கோவில் திருப்பத்தில் முதலில் சத்தம் வந்தது. இரண்டாவது கியரிலேயே ஓடி ஓடித் திணறும் சத்தம். பிறகு சிவப்பு தெரிந்தது. வெயில் அடிக்கிற நேரத்தில் வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. ஸ்டீரிங்குக்குப் பின்னால் மாமியின் முகம். அவளுக்கு இடப் பக்கம், நான் உட்காரும் சீட்டில், அவள் கைப்பை மட்டும் இருந்தது.

கேட் குறுகல். இடது, வலது என்று காட்ட என் கை எழுந்தது. மல்லிகையும் மைசூர்பாக்குமாக அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டேன். மாமி ஒருமுறை பின்னால் எடுத்தாள். மறுபடி வந்தாள். பக்கக் கண்ணாடி கேட்டில் லேசாக இடித்து மடங்கியது. வண்டி உள்ளே வந்து நின்றது.

இறங்கியவளுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. "லீவு போட்டேன். சொன்னா நீங்களும் வரேன்னு நிப்பேள். ஆபீஸ் வரைக்கும் போனேன். உள்ள போகல. வாசல்ல ஒரு நிமிஷம் நிறுத்திட்டுத் திரும்பிட்டேன்." மூச்சு வாங்கினாள். பிறகுதான் நினைவு வந்தவளாக, "உங்க டெஸ்ட்டு என்னாச்சு?" என்றாள்.

"பாஸ் மாமி."

மாமி கையில் இருந்த சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நானும்" என்றாள்.